வண்டு விழுந்த டப்பா

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். இருந்தாலும் அது அடிக்கும்வரை படுத்திருப்பேன். எழுந்து பல் துலக்குவேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பொங்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். இரண்டு டம்ளர் காபி. ஒன்று எனக்கு, ஒன்று அத்தைக்கு. அத்தை என்றால் என் மாமியார். அதற்குள் அவர் ஹாலில் பாயைச் சுருட்டி வைத்து, குளித்து முடித்து, எதையாவது கழுவிக்கொண்டிருப்பார். மகள் இறந்தபின் எங்களோடு, அதாவது என்னோடு, வந்து தங்கியதிலிருந்து அவர் கழுவிக்கொண்டே இருக்கிறார். மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றச் சொல்லிக் கழுவினார். உப்பு ஜாடியைக் கழுவினார். என் சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையைக் கழுவியதில் என் புகைப்படத்தில் மூக்குக்கு மேல் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் வேலை பார்க்கும் கிடங்கின் வாசல் காவலாளி இப்போது என்னை நம்பிக்கையின் பேரில்தான் உள்ளே விடுகிறார். நான் அத்தையை ஒன்றும் சொன்னதில்லை. சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரியும். அது போதும்.

அன்றைக்குக் காபிப்பொடி தீர்ந்துவிட்டது. புதுப் பொட்டலத்தைத் தேடி மேல் அலமாரியைத் துழாவிய அத்தை, ஒரு பால்பவுடர் டப்பாவை இறக்கித் திறந்தார். உடனே மூடினார்.

"மாப்பிள்ளை. இதக் கொஞ்சம் வந்து பாருங்க."

உள்ளே காராமணி. அதன்மேல் சின்னச் சின்னப் பழுப்பு வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அடியில் மாவு போலத் தூள். பல பயறுகளில் ஊசியால் குத்தியது போல வட்டமான துளை. டப்பாவின் மூடியில் என் மனைவியின் கையெழுத்து இருந்தது: "விதை. சாப்பிடாதே." அந்த எச்சரிக்கை எனக்கானது.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை பார்த்தாள். விவசாயத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடைக்கு வந்த யாரோ ஒருவர் கொடுத்த ஒரு பிடி காராமணியைக் கொல்லைச் சுவரோரம் சும்மா ஊன்றினாள். அது சுவரேறி, குழாயேறி, துணிக் கொடியில் போய்ப் படர்ந்தது. அந்தக் காயில் ஒரு இனிப்பு இருந்தது. வேறெங்கும் வாங்கியதில் அது இல்லை. அதன்பின் ஒவ்வொரு முறையும் நீளமான நெற்றுகளாகப் பார்த்து விதைக்கு நிறுத்துவாள். கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு விதையாகப் பார்ப்பாள். "இதுக்குப் பவர் கம்மி" என்று ஓரமாகத் தள்ளுவாள். தள்ளியது குழம்புக்கு, தேறியது டப்பாவுக்கு. அவள் கைப்பட எடுத்துவைத்த கடைசி விதை இது. விதை கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. கொல்லையில் போன முறை போட்ட செடி காய்ந்து, அதையும் பிடுங்கிப் போட்டாயிற்று. இந்த டப்பா போனால் அந்தக் காராமணி போயிற்று.

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் டப்பாவைப் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. வண்டு விழுந்த பயறை நான் தினமும் டன் கணக்கில் பார்ப்பவன். அத்தைதான் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாத்திரை ஒண்ணு இருக்காமே, மூட்டைக்குள்ள போடறது. வாங்கிட்டு வந்து போட்டுடலாமா?"

"வீட்டுக்குள்ள அது வேணாம் அத்தை. அந்தப் புகைக்கு ஆள் செத்துடும்."

சொன்ன பிறகுதான் எந்த வீட்டில், யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது. அத்தை தலையாட்டினார்.

"சரி. அப்ப வேற வழி சொல்லுங்க. உங்க வேலையே அதுதான?"

என் வேலையே அதுதான். பயறுக் கிடங்கில் வருகிற மூட்டைகளைப் பிரித்துத் தட்டுகளில் பரப்பி, தகர அறைக்குள் தள்ளி, சூடான காற்றை விட்டு வண்டைக் கொல்லும் பிரிவு என்னுடையது. முன்பு இங்கேயும் மாத்திரைதான். இப்போது வாங்குகிறவர்கள் மருந்தே கூடாது என்கிறார்கள். நான் படித்தது வேதியியல். "கெமிஸ்ட்ரி படிச்சவனுக்குக் கெமிக்கலே இல்லாத வேலை. தேடிப் பிடிச்சுக் குடுத்திருக்காங்க பாரு" என்று அவள் சிரிப்பாள். பட்டம் வாங்கியவன், நாள் முழுக்க வெப்பமானியைப் பார்ப்பவன் என்ற இரண்டு காரணங்களுக்காகவும் கிடங்கில் என்னை டிகிரி என்று கூப்பிடுவார்கள். வேலை எளிமையானது. முட்டையைப் பயறின் தோலில் ஒட்டிவைத்துவிட்டு வண்டு போய்விடும். புழு உள்ளே துளைத்துப் போய்த் தின்று வளரும். மேலே தொட்டுப் பார்த்துச் சூடாயிருக்கிறது என்று எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும். சூடு நடுவரை போய்ச் சேர வேண்டும். சேர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்க வேண்டும். ஆனால் எங்களிடம் வருவது சாப்பிடப் போகும் பயறு. சூட்டுக்குப் பிறகு அது முளைக்குமா என்று அங்கே யாரும் கேட்டதில்லை. புழு சாகிற சூட்டுக்கும் விதை சாகிற சூட்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்துக்குள் டப்பாவைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

மூட்டை இறக்கும் அண்ணனிடம் சொன்னேன். நான் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, எல்லோரும் வரிசையாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொன்னார்கள். இவர் மட்டும் கிழிந்த மூட்டை ஒன்றைக் காட்டி, "அந்த முனையப் பிடி டிகிரி" என்றார். பிடித்தேன். அன்று முழுவதும் எதையாவது பிடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார்.

"நம்ம ரூம்ல வைக்காத," என்றார். "அது வறுத்துக் குடுத்துடும். உப்புப் போட்டுச் சாப்பிட வேண்டியதுதான். ஃப்ரிட்ஜுல ஐஸ் ரூம்ல வச்சிப் பாரேன்?"

"எங்க ஃப்ரிட்ஜுல வெண்ணெயே உருகுதுண்ணே."

"அப்ப வெயில்தான்."

அவரே கறுப்புத் தார்ப்பாய்த் துண்டு ஒன்றும், கிழியாத கண்ணாடித்தாள் ஒன்றும் மடித்துக் கொடுத்தார். ஊசி முனை வெப்பமானியை மேலதிகாரி கேள்வி கேட்காமல் வீட்டுக்கு எடுத்துப் போக விட்டார். அட்டையில் முகமில்லாத ஒருவனுக்குக் கிடங்கின் பொருளைக் கொடுத்தனுப்புவது பெரிய காரியம்தான்.

விடுமுறை நாள் காலையில் மொட்டை மாடியில் கறுப்புத் தார்ப்பாயை விரித்தோம். அத்தை டப்பாவை ஏற்கெனவே சுத்தம் செய்து வைத்திருந்தார். தூள் இல்லை, ஊர்கிற வண்டு இல்லை, விதைகள் பளபளவென்று இருந்தன. புடைத்து எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே கண்ணாடித்தாளை இழுத்துப் போர்த்தி, ஓரங்களில் செங்கல் வைத்தோம்.

"அந்தப் பக்கம் இழுங்க. விடாதீங்க," என்றேன்.

"அடேயப்பா. இன்னிக்கு நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேசிட்டீங்க," என்றார் அத்தை.

வெப்பமானி நாற்பதைத் தாண்டியது. ஒரு சின்ன மேகம் வந்து நின்றது. அத்தை அண்ணாந்து பார்த்து, "ஏன், உனக்கு வேற எடமே கெடைக்கலையா? இவ்ளோ பெரிய வானத்துல இங்கதான் வந்து உக்காரணுமா?" என்று கேட்டார். அது நகர்ந்தது. நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு. நான் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தைதான் கண்ணாடித்தாளைக் காட்டி, "பாருங்களேன், முத்து முத்தா எவ்ளோ அழகா இருக்கு," என்றார்.

தாளின் உள்பக்கம் நீர்த்துளிகள் கோத்திருந்தன.

காய்ந்த பயறு வேர்க்காது.

"அத்தை, இதக் கழுவினீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நேத்து. லேசாத்தான். ஒரே தூசியா இருந்துச்சு... ஓட்டை விழுந்ததெல்லாம் மேல மிதந்துச்சு, அதையும் எடுத்துப் போட்டேன். அப்புறம் துணியால நல்லா ஒத்தி எடுத்துட்டேன் மாப்பிள்ளை."

செங்கற்களைத் தள்ளிவிட்டுத் தாளைக் கிழித்துத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. பயறு வேகும் வாசனை. குக்கர் மூடியைத் திறந்தால் வருமே, அதே வாசனை. காய்ந்த விதை எவ்வளவோ சூட்டைத் தாங்கும். ஈரம் ஏறிய விதை உள்ளுக்குள் விழித்துவிட்ட விதை, அது தாங்காது. நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தார்ப்பாயோடு தூக்கிப் படிக்கட்டு நிழலுக்கு ஓடினோம். ஓடும்போது அத்தையின் செருப்பு ஒன்று கழன்றது. அதை எடுக்க அவர் திரும்பவில்லை.

"வெந்துடுச்சா?" என்றார்.

"தெரியல."

"நானே கொன்னுட்டேனா?"

ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னிடமும் அவளிடமும் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெறும் காய்ச்சல்தான் என்று போனோம். அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை.

"தெரியல அத்தை. நெஜமாவே தெரியல. காய வச்சுப் பாக்கலாம். நீங்க கழுவினது நான் முன்னாடியே சொல்லாம விட்டதாலதான்."

அன்று மாலை சமையலறையில் தண்ணீர் சத்தம் கேட்கவில்லை. பாத்திரங்கள் தொட்டியிலேயே கிடந்தன. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. நானே போய்க் குழாயைத் திறந்து இரண்டு தட்டுகளைக் கழுவினேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தை வந்து, நான் கழுவிய தட்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கழுவினார்.

விதைகளை ஹாலில் செய்தித்தாள்மேல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே காயவிட்டோம். அதில்தான் வேதனை. சூடு காட்ட வேண்டுமென்றால் ஈரம் போக வேண்டும். ஈரம் போகும்வரை காத்திருந்தால் உள்ளே இருக்கும் புழு தின்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு நாளும் சில விதைகளில் புதிதாகத் துளை விழுந்தது. வேலையிலிருந்து வந்ததும் நான் தரையில் உட்கார்ந்துகொள்வேன். அவளுடைய உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு விதை விதையாகப் பார்ப்பேன். தோலில் வெள்ளைப் புள்ளி இருந்தால் முட்டை. வண்டு வெளியே வரத் தயாராகிவிட்டால் தோலுக்கடியில் ஒரு வட்டம், பனி படிந்த ஜன்னல் போல மங்கலாகத் தெரியும். அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுவேன். தப்பி வருகிற வண்டுகள் அத்தையின் பங்கு.

"ஒண்ணு ஓடுது பாருங்க. உங்க முட்டிகிட்ட. அட, அந்த முட்டி இல்ல, இந்த முட்டி!"

"எங்க?"

"போச்சு. சோபாவுக்கு அடியில போயிடுச்சு. நீங்கதான் வண்டு ஆபீசரா? நல்ல ஆபீசர்."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அத்தை சட்டென்று என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலச் சோபாவுக்கு அடியில் குனிந்தார்.

அடுத்த விடுமுறையில் மூட்டை அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்ததும் ஒரு விதையை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். காய்ந்திருந்தால் டக்கென்று உடையும், ஈரமிருந்தால் நசுங்கும். கிடங்கில் கருவி இருந்தாலும் எல்லோரும் கடித்துத்தான் பார்ப்போம்.

"ஐயோ, இருக்கறதே கொஞ்சம்," என்று அத்தை பதறினார்.

"ஒண்ணுதாம்மா. பல்லு போனா நஷ்டம் எனக்குத்தான?" என்றார். விதை டக்கென்று உடைந்தது.

மறுபடியும் கறுப்புத் தார்ப்பாய், விதை, புதுக் கண்ணாடித்தாள், செங்கல். அண்ணன் தாளின் ஓரத்தை விறைப்பாக இழுத்துப் பிடித்தார். நாங்கள் மூவரும் வெப்பமானியின் எண்ணைவிடத் தாளைத்தான் அதிகம் பார்த்தோம். ஐம்பது. தாள் காய்ந்திருந்தது. ஐம்பத்தைந்து. ஒரு துளிகூட இல்லை. ஐம்பத்தெட்டில் ஏறி அங்கேயே நின்றது. ஒன்றிரண்டு வண்டுகள் விதைகளுக்கு நடுவே வெளியே வந்து, கொஞ்ச தூரம் ஓடி, மல்லாந்தன. புழு சாவதற்கு வேண்டிய நேரம் முடிந்ததும் தாளை எடுத்து நிழலுக்குக் கொண்டுபோனோம். இந்த முறை ஓடவில்லை. வாசனையும் வரவில்லை.

வெயில் எங்கள் தலைமேல் எந்த அவசரமும் இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வெயில்மேல் எனக்கு ஒரு நன்றி வந்தது. அவள் போனபின் எனக்குள் தானாக வந்த முதல் உணர்ச்சி அதுதான். அது வெயில்மேல் வந்தது கொஞ்சம் அபத்தம்தான். ஆனால் ஒன்று வந்ததும் அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது. தார்ப்பாயின் மடிப்பை உதறிக்கொண்டிருந்த அண்ணன். வெப்பமானியைக் கொடுத்துவிட்டு, பத்திரம் என்றுகூடச் சொல்லாத அதிகாரி. பாதி முகத்தை வைத்துக்கொண்டு என்னை அடையாளம் கண்டுகொள்கிற காவலாளி. சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, என் வீட்டு உப்பு ஜாடியைக் கழுவிக்கொண்டிருக்கும் இந்த அம்மாள். நான் கேட்காமலே இவர்கள் எல்லோரும் என் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குக் கண்ணெல்லாம் ஒன்றும் கலங்கவில்லை. நன்றாகப் பசித்தது. அண்ணனும் நானும் போட்டதையெல்லாம் சாப்பிட்டோம். அத்தை இரண்டாவது தடவை உலை வைத்தார்.

புழு செத்தது நிச்சயம். விதை பிழைத்ததா என்பதுதான் கேள்வி. முதல் நாள் ஆவியில் அது எவ்வளவு வெந்தது என்று சொல்ல எந்தக் கருவியும் இல்லை. ஒரு பிடி விதையை ஈரத்துணியில் பரப்பி, சுருட்டி, ஒரு தட்டில் வைத்து ஜன்னலோரம் வைத்தேன். திறந்து பார்க்கக் கூடாது என்று அத்தையிடம் சொன்னேன். நான் வேலைக்குப் போனதும் திறந்து பார்த்திருக்கிறார். மடிப்பு மாறியிருந்தது. நானும் அவர் குளிக்கப் போனபோது திறந்து பார்த்தேன். ஊதியிருந்தன, அவ்வளவுதான். மறுநாள் சில விதைகள் கொழகொழவென்று ஆகி நாற்றமெடுத்தன. அவற்றை எடுத்து எறிந்தோம். அதற்கடுத்த நாளும் அப்படியே. அத்தை துணிக்குத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, பயந்து பயந்து தெளித்தார்.

பிறகு ஒரு காலையில் காபி டம்ளரோடு ஹாலுக்கு வந்தபோது, அத்தை ஜன்னலோரம் தரையில் குந்தியிருந்தார். துணி விரிந்து கிடந்தது.

"மாப்பிள்ளை. இங்க வாங்க."

குனிந்து பார்த்தேன். எல்லாம் இல்லை. பாதிகூடத் தேறாது. ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தோல் விரிந்து, வெள்ளையாக, நகம் வெட்டிய துண்டளவுக்கு வேர் எட்டிப் பார்த்தது. ஒன்று மட்டும் முந்திக்கொண்டு துணியின் இழைக்குள் நுழைந்து பிடித்திருந்தது. கொல்லைச் சுவரோரம் ஒரு வரிசைக்கு வரும். வரிசை காய்த்தால் டப்பா நிறையும். அத்தை ஒரு விரலைக் கிட்டே கொண்டுபோனார், தொடவில்லை.

"பொழைச்சிடுச்சு," என்றார்.

"ஆமாம் அத்தை. பொழைச்சிடுச்சு."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் பஸ்ஸைப் பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. அவ கடைசியா என்ன சொன்னா?"

மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிடுவேன். அவர்கள் எதிர்பார்ப்பது மாதிரியான பேச்சு இல்லை அது. இவரிடமும் அப்படியே சொல்லியிருக்கலாம். அம்மாவைக் கேட்டாள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்; அது இவருக்கு ஆயுசு முழுவதும் போதும். ஆனால் வெந்துவிட்டதா என்று கேட்டபோது தெரியாது என்று சொன்னேன். அதைத் தாங்கிக்கொண்டு இந்தத் துணிக்குத் தண்ணீர் தெளித்தவர் இவர்.

சொன்னேன். அந்த வார்டில் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரில் ஒரே ஒரு மின்விசிறி. நான் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அவள் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அவள்மேல் கவிழ்ந்தாற்போல உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். என்னை நன்றாகப் பார்த்தாள். சொன்னாள். நான் நாற்காலியை நகர்த்தினேன். நெற்றியில் ஒட்டியிருந்த முடி காற்றில் அசைந்தது. அப்பாடா என்பது போல ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தூங்கினாள். அவ்வளவுதான்.

"என்ன சொன்னா?" என்றார் அத்தை.

அவள் சொன்னபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் சொன்னேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருடா. காத்தே வரல."